இரும்புக் குழாய்க்கு ஒரு பொங்கல்

மண்ணுக்குள் துருப்பிடித்துக் கிடந்த ஓர் இரும்புக் குழாய்க்குக் கற்பூரம் காட்ட, தேங்காய் உடைக்க, புக்கை பொங்க வைத்த அரசாங்க உத்தியோகத்தன் திருகோணமலை மாவட்டத்தில் என்னைத் தவிர வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. இதை நான் மறைத்து வைத்திருந்தேன் என்று சொல்ல முடியாது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போன மாதம் பிரசாந் தொலைபேசி எடுக்கும் வரை.

பிரசாந் என் பழைய அலுவலகத்தில் இப்போது என் கதிரையில் இருக்கும் பெடியன். நிலத்துக்குக் கீழே தண்ணீர் எங்கே இருக்கிறது என்று மின்சாரம் பாய்ச்சிப் பார்ப்பதுதான் அந்தக் கதிரையின் வேலை.

“சேர், குறை நினைக்காதேங்கோ. நீங்கள் ஒரு பெரிய சாமானைத் தவறவிட்டிட்டுப் போயிட்டீங்கள்.”

அதைச் சொல்லும்போது அவன் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் குறை நினைக்கவில்லை. நானும் அந்த வயதில் பென்சன்காரரின் பிழைகளைத் தேடித் திரிந்தவன்தான். கைபேசிக்கு ஒரு படம் வந்தது. இப்போதைய கருவிகள் அப்படி. வரிசையாகக் கம்பிகளை நட்டு, பெட்டியில் பூட்டிவிட்டு, ஜீப்புக்குள் இருந்து தேத்தண்ணீர் குடித்தால் போதும். பெட்டி தானாகவே பூமியை வெட்டிக் கலரில் படம் தரும். கல் சிவப்பு. ஈரம் நீலம். பிரசாந்தின் படத்தில் நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். கொட்டியாரக் குடாவை எடுத்து நிலத்துக்குள் புதைத்து வைத்தது போல.

“இது எந்த இடம்?”

“கப்பல்துறைக்கு அங்கால, உள்ளுக்குப் போற பள்ளம். ரெண்டு பக்கமும் மலை. நடுவில நேரா ஒரு வெளி இருக்குது சேர், ஒரு பெரிய மரம் இல்லை. வயர் இழுக்க நல்ல லேசு. பக்கத்தில ஒரு வைரவர் சூலமும் இருக்கு.”

வைரவரை எனக்குத் தெரியாது. என் காலத்தில் அவர் அங்கே இல்லை. ஆனால் மரமில்லாத அந்த நேர்வெளியை என் உள்ளங்கையை விட நன்றாகத் தெரியும்.

“பிரசாந், ஊர்ச் சனத்திட்டை ஒண்டும் சொல்லேல்லைத்தானே?”

“இன்னும் இல்லை சேர்.”

“பொங்கினவையோ?”

“என்னது?”

“ஒண்டுமில்லை. நாளைக்கு நானும் வாறன். அதுவரைக்கும் வாயைத் திறக்காதேங்கோ.”

நான் இந்த வேலைக்கு வந்தது தண்ணீரின் மேல் உள்ள பற்றினால் அல்ல. விண்ணப்பம் போட்ட மூன்று வேலைகளில் பதில் வந்தது இது ஒன்றுக்குத்தான். கொழும்பில் கொஞ்சக் காலம் பயிற்சி தந்தார்கள். படிப்பித்தவர் சிங்களத்தில் படிப்பித்தார், புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது, நான் தமிழில் நித்திரை கொண்டேன். அப்படியும் மண்டையில் தங்கியது இவ்வளவு: நிலத்தில் ஒரே கோட்டில் நாலு இரும்புக் கம்பிகளை அடி. வெளிக்கம்பி இரண்டின் வழியாக மின்சாரத்தை அனுப்பு. உள்கம்பி இரண்டிலும் நிலம் எவ்வளவு தடுக்கிறது என்று அள. பிறகு வெளிக்கம்பிகளைப் பிடுங்கி இன்னும் தள்ளி அடி. எவ்வளவு தள்ளி அடிக்கிறாயோ அவ்வளவு ஆழத்துக்கு மின்சாரம் போய் வரும். ஒவ்வொரு அளவையும் வரைபடத் தாளில் புள்ளியாக வை. கோடு இறங்கினால் கீழே ஈரம் அல்லது களிமண். கோடு நிமிர்ந்து ஏறினால் கருங்கல். எங்கள் பகுதியில் எங்கே அளந்தாலும் கோடு எப்போதாவது ஒரு கட்டத்தில் ஏறியே தீரும். ஏனென்றால் எங்கே தோண்டினாலும் கடைசியில் இருப்பது கல்.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. காய்ந்த நிலத்தில் கம்பியை அடித்தால் மின்சாரம் இறங்காது. ஒவ்வொரு கம்பியின் அடியிலும் உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் இல்லாத ஊர்களுக்குத்தான் எங்களைக் கூப்பிடுவார்கள். நாங்கள் போய் முதல் வேலையாக அந்த ஊரில் இருக்கிற தண்ணீரை வாங்கி நிலத்தில் ஊற்றுவோம். இறக்கக்கண்டியில் ஒரு மனிசி இடுப்பில் கை வைத்து நின்று பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “தண்ணி தேட வந்தவையோ, இருக்கிறதையும் முடிக்க வந்தவையோ?”

என் மேலதிகாரி மிஸ் நளாயினி. என்னைவிட இளையவர், என்னைவிடப் படித்தவர், என்னை ‘அண்ணை’ என்று கூப்பிட்டே வேலை வாங்குபவர். வெயிலோ மழையோ கறுப்புக் குடை விரித்தபடிதான் நிற்பார். ஒவ்வொரு அளவையும் திருப்பி எடுக்கச் சொல்வார். இரண்டும் ஒத்துவந்தால், “நல்லது, இன்னொருக்கா,” என்பார். அவருக்கு முன்னால் ‘தண்ணீர்’ என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. சொன்னால், செருப்புக் காலோடு குசினிக்குள் வந்தவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்.

“அண்ணை, நாங்கள் அளக்கிறது தடை. தண்ணி எண்டுறது கிணத்தில பாத்த பிறகு சொல்லுற சொல்.”

தாகம் வந்தால்கூட, “அந்தப் போத்தலை எடுங்கோ,” என்றுதான் கேட்பார்.

இனி அந்தப் பள்ளத்து ஊர். பெயர் வேண்டாம். போர் முடிந்து சனங்கள் திரும்பி வந்திருந்த காலம். பழைய கிணறுகள் வைகாசியோடு வற்றிவிடும். பிறகு தண்ணீர் லொறி, அந்தப் பவுசர், வந்தால்தான் குடிக்கலாம், வராவிட்டால் பவுசரைப் பற்றிக் கதைத்துக்கொண்டு இருக்கலாம். கமலா ரீச்சர் அங்கே ஒரு தகரக் கொட்டகையில் பள்ளிக்கூடத்தைத் திரும்பத் தொடங்கியிருந்தார். அதிபரும் அவரே, மணி அடிப்பவரும் அவரே. கல்விக் கந்தோரில் இருந்து சொல்லிவிட்டார்கள்: தண்ணீர் இல்லாத இடத்தில் பள்ளிக்கூடம் நடத்த முடியாது, அடுத்த தவணை பிள்ளைகளைப் பெரிய வீதிப் பள்ளிக்கூடத்தோடு சேர்க்கப்போகிறோம் என்று. பள்ளிக்கூடம் போனால் தாங்களும் டவுனில் சொந்தக்காரர் வீட்டுக்கே திரும்பிப் போய்விடுவோம் என்று தாய்மார் சொன்னார்கள். ஆகவே பள்ளிக்கூடம் என்றால் ஊர், ஊர் என்றால் தண்ணீர். துளையிடும் இயந்திரம் வரும், ஆனால் அந்த ஊருக்கு ஒரே ஒரு குழி. அது முடிந்ததும் இயந்திரம் குடாவுக்கு அந்தப் பக்கம், கட்டைபறிச்சானுக்குப் போய்விடும். அந்த ஒரு குழி எங்கே என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

அந்தக் கிழமை மிஸ் கூட்டம் ஒன்றுக்குக் கொழும்புக்குப் போயிருந்தார். “முதல் அளவை எடுத்து வையுங்கோ, நான் வந்து பாக்கிறன்,” என்றார். நானும் அந்தோனியும் போனோம். அந்தோனி கம்பி அடிப்பவன். சுத்தியலை விட வாய் பலமானவன். போய்ப் பார்த்தால் பள்ளம் முழுவதும் சூரை முள். இத்தனை வருஷம் ஆளில்லாமல் கிடந்த நிலம், எங்களுக்காகவே வளர்ந்து காத்திருந்தது போல. குறுக்கே கோடு வெட்டினால் இரண்டு நாள் போகும், இரண்டு காற்சட்டையும் போகும். அப்போதுதான் அந்த வெளியைக் கண்டோம். பள்ளத்தின் நீளத்துக்கு, நூல் பிடித்த மாதிரி, புல் மட்டும்.

“அண்ணை, இது ஆண்டவர் எங்களுக்கெண்டு வெட்டித் தந்த பாதை,” என்றான் அந்தோனி.

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆண்டவர் இவ்வளவு நேராக வெட்டுவதில்லை என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

வெளி நெடுகக் கம்பி அடித்தோம். கோடு இறங்கியது. கம்பியைத் தள்ளி அடித்தோம். இன்னும் இறங்கியது. கடைசிக் கம்பி வரைக்கும் இறங்கிக்கொண்டே போனது. என் சேவைக் காலத்தில் அப்படி ஓர் அழகான கோட்டை நான் வரைந்ததில்லை. மிஸ் பக்கத்தில் இல்லை. வாய் திறந்துவிட்டது.

“ரீச்சர், இதில குழி போட்டா நீங்கள் பள்ளிக்கூடத்துக்கு நீச்சல் தடாகமே கட்டலாம்.”

கமலா ரீச்சர் சிரிக்கவில்லை. “உண்மையாத்தான் சொல்லுறீங்களோ?”

“உண்மையாத்தான்.”

பகிடியோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே வந்திராது.

இரண்டு நாள் கழித்து மிஸ்ஸைக் கூட்டிக்கொண்டு போய் இறங்கினால், வெளி நடுவில் மூன்று கல் அடுக்கிப் பானை வைத்திருக்கிறார்கள். குழி போடும் இடத்தில் முதலில் பொங்கிப் படைப்பது இங்கே வழக்கம். ஆனால் இடம் தாளில் கையெழுத்தான பிறகுதான் பொங்குவார்கள். என் வாக்கைக் கையெழுத்தாக எடுத்துவிட்டார்கள். நான் அடையாளத்துக்கு அடித்து வைத்திருந்த கம்பிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, செவ்வரத்தம்பூ மாலை போட்டிருந்தார்கள். தேங்காய் சரிபாதியாக உடைந்ததாம், நல்ல சகுனமாம். கம்பிக்குப் போட்டு மிஞ்சிய மாலை என் கழுத்துக்கு வந்தது.

நான் திருநீறு வாங்கிக்கொண்டு நின்ற நேரத்தில் மிஸ் குடைக்குக் கீழே என் வரைபடத் தாளை விரித்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“கல்லு எங்க, அண்ணை?”

“எந்தக் கல்லு, மிஸ்?”

விரித்த குடையைச் சரித்து, அதன் நுனியால் இடது பக்க மலையைக் காட்டினார். “அங்க கல்லு.” வலது பக்கத்தைக் காட்டினார். “அங்கயும் கல்லு. உங்கட தாளில மட்டும் கல்லில்லை. கோடு ஒரு இடத்திலயும் நிமிரேல்லை. இந்த மாவட்டத்தில கல்லே இல்லாத இடம் ஒண்டை நீங்கள் கண்டுபிடிச்சிருக்கிறீங்கள்.”

மாலை கழுத்தில் அரித்தது.

“கம்பியைக் குறுக்கால போடுங்கோ. அதே நடுப்புள்ளி.”

குறுக்கே என்றால் சூரை முள். ஊர் ஆம்பிளைகள் கத்தியோடு வந்து குதித்தார்கள். இதுவும் சடங்கில் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்கள். வெட்டி முடித்துக் கம்பி அடித்து அளந்தோம். நெடுகப் பார்த்தபோது இறங்கிய கோடு, குறுக்கே பார்த்தபோது கொஞ்சம் இறங்கி, பிறகு கல்லை நோக்கி ஏறத் தொடங்கியது. ஒரே இடம், இரண்டு கதை. “இன்னொருக்கா,” என்றார் மிஸ். “இன்னொருக்கா.” மூன்றாம் முறை முடிந்ததும் குடையை மடக்கினார். குடை மடங்குவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“மண்வெட்டி இருக்கோ?”

அந்தோனி மாலை போட்ட கம்பிக்குப் பக்கத்தில் வெட்டினான். முழங்கால் அளவுக்குக்கூடப் போகவில்லை. ணங் என்றது.

வெள்ளைக்காரர் காலத்தில் துறைமுகத்துக் கப்பல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோன இரும்புக் குழாய். குழாய்க்காகத்தான் அந்த வெளியை நூல் பிடித்து வெட்டியிருக்கிறார்கள். பிறகு கல்லும் சல்லியும் போட்டு மூடியதால் அதன் மேல் பெரிய மரம் வேர் விடவில்லை. நான் அனுப்பிய மின்சாரம் பூமிக்குள் போகவே இல்லை. இரும்பைக் கண்டதும் அதில் ஏறி, துறைமுகப் பக்கம் சொகுசாகப் பயணம் போய் வந்திருக்கிறது. தண்ணீர் ஓடிய இடம் என்று நான் சொன்னது பிழையில்லை. ஓடி முடிந்து ஓர் ஆயுட்காலம் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

சனம் கூடிவிட்டது. “என்ன, புதையலோ?” என்று யாரோ கேட்டார்கள்.

“ஓம், புதையல்தான். எங்கட அண்ணை கண்டுபிடிச்சது,” என்றான் அந்தோனி.

மிஸ் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். “நீங்கள் குடுத்த சொல்லை நீங்கள்தான் திருப்பி எடுக்கவேணும், அண்ணை.”

கமலா ரீச்சரிடம் போனேன். கழுத்தில் மாலையோடுதான் போனேன், கழற்றவும் மறந்துவிட்டது. குழாய், மின்சாரம், தடை என்று நான் தொடங்கியதை அவர் கேட்டுக்கொண்டு நின்றார். முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டார்.

“அப்ப அடுத்த தவணை நான் ஆருக்குப் படிப்பிக்கிறது?”

எந்தப் பயிற்சியிலும் அந்தக் கேள்வி வரவில்லை. ரீச்சர் பானைப் பக்கம் பார்த்தார்.

“சரி. புக்கை ஆறுது. பொங்கினதைத் திருப்பி அரிசியாக்கேலாது. இருந்து சாப்பிடுங்கோ.”

சாப்பிட்டோம். சர்க்கரை தாராளமாகப் போட்டிருந்தார்கள். மூன்று தரம் வைத்தார்கள், மூன்று தரமும் சாப்பிட்டேன். மறுக்கிற தைரியம் அன்றைக்கு எனக்கு இல்லை.

அடுத்த நாளில் இருந்து பள்ளத்தைக் குறுக்காகவே அளந்தோம். ஒரு மலையடியில் தொடங்கி மறு மலையடி வரை, பிறகு கொஞ்சம் தள்ளி இன்னொரு கோடு. ஆனால் கம்பிக்கு ஊற்றத் தண்ணீர் வேண்டும். அந்த முறை பவுசர் வரவில்லை. முதல் நாள் குடம் குடமாகத் தந்த வீடுகள் இப்போது கதவைச் சாத்தவில்லை, ஆனால் குடத்தையும் எடுக்கவில்லை. எனக்குக் கேட்கவும் வாய் வரவில்லை. கடைசியில் ரீச்சரே பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பரலில் இருந்து ஒரு வாளி கொண்டுவந்து வைத்தார்.

“பிள்ளையளின்ர தண்ணி. பாத்து ஊத்துங்கோ.”

அதற்குப் பிறகு நான் வாளியைச் சரிக்கவில்லை. ஒவ்வொரு கம்பிக்கும் சிரட்டையால் அள்ளி, குழந்தைக்கு மருந்து பருக்குவது போல ஊற்றினேன். அந்தோனிகூடப் பேசாமல் பார்த்தான். அவனைப் பொறுத்தவரை அது பெரிய மரியாதை.

அளந்து முடிய இரண்டு இடங்கள் மிஞ்சின. ஒன்று பள்ளத்தின் நடுவில், குழாயில் இருந்து நன்றாகத் தள்ளி. அங்கே கோடு ஆழமாக இறங்கியது. மற்றது கிழக்கு மலையடியில், முள்ளுக்குள். அங்கே கோடு கொஞ்சம்தான் இறங்கியது, ஆனால் ஏறத் தயங்கித் தயங்கி ஏறியது. பார்க்கிற எவனும் நடுவைத்தான் காட்டுவான். நானும் காட்டினேன். மிஸ் மலையடியைக் காட்டினார்.

“நடுவில கிடக்கிறது களி, அண்ணை. களிக்குத் தடை குறைவு. ஈரத்தைப் பிடிச்சு வச்சிருக்கும், விடாது. மலையடியில கல்லு உடைஞ்சிருக்கு. உடைஞ்ச கல்லுதான் குடுக்கும்.”

“நிச்சயமோ, மிஸ்?”

“இல்லை,” என்றார். “ஆனா நடுவில இல்லை எண்டுறது நிச்சயம்.”

ஊரில் கூட்டம் வைத்தோம். பள்ளத்து நடுவை விட்டுவிட்டு மலை ஓரத்தில் கல்லைத் துளைக்கப்போகிறோம் என்றதும் ஒரு முணுமுணுப்பு. குழாயைத் தண்ணீர் என்றவர்கள், இப்போது கல்லைத் தண்ணீர் என்கிறார்கள். யாருக்கு நம்பிக்கை வரும்? ரீச்சர் மிஸ்ஸைக் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

“ஒரே ஒரு குழி. உங்கட சொந்த வளவெண்டா எதில போடுவீங்கள்?”

முதல் நாள் சொன்ன ‘உண்மையாத்தான்’ ஞாபகத்துக்கு வந்தது. என் கை நடுவைக் காட்டத்தான் துடித்தது. “மிஸ் சொல்லுற இடத்தில,” என்றேன்.

“பொங்கவோ?”

“வேண்டாம் ரீச்சர். தயவுசெய்து வேண்டாம்.”

இயந்திரம் வந்தது. காற்றை அடித்துக் கல்லைத் துளைக்கிற வகை. குழியில் இருந்து மாவு மாவாகத் தூசி எழுந்தது. ஊரே தள்ளி நின்று வெள்ளையாகிக்கொண்டிருந்தது. மதியம் வரை மாவு. சாப்பாட்டுக்குப் பிறகும் மாவு. இயந்திரக்காரர் எங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ரீச்சர் பிள்ளைகளை வகுப்புக்குள் அனுப்பிவிட்டு வாசலில் நின்றார். மிஸ் குடையை விரித்துக்கொண்டு மலையைப் பார்த்தபடி இருந்தார். அப்படி ஒரு மலையை முதன்முதலில் பார்ப்பவர் போல.

பிறகு தூசி நிறம் மாறியது. வெள்ளை, சாம்பலானது. மாவு, கட்டியானது. கட்டி, சேறானது. இயந்திரம் ஒரு தரம் இருமியது போல இருந்தது. அடுத்த நிமிடம் அந்தோனி, இயந்திரக்காரர், நான் எல்லோரும் தலையில் இருந்து கால் வரை நனைந்திருந்தோம். பிள்ளைகள் கொட்டகையில் இருந்து பாய்ந்து வந்தார்கள், ரீச்சர் தடுக்கவில்லை.

நான் சேறு வழிய மிஸ்ஸிடம் ஓடினேன். “மிஸ், தடை குறைஞ்சிருக்கு!”

மிஸ் சிரித்தார். “அண்ணை, இனித் தண்ணி எண்டு சொல்லலாம்.”

சொல்லிவிட்டு, அடுத்த நாள் முழுக்க இறைத்துப் பார்த்து, மட்டம் திரும்பி ஏறுகிறதா என்று அளந்த பிறகுதான் அறிக்கையில் எழுதினார். பள்ளிக்கூடம் இருந்த இடத்திலேயே இருந்தது. சனமும் இருந்தது.

பிரசாந்தோடு ஜீப்பில் போகும்போது அந்த நீலப் படத்தை மிஸ்ஸுக்கு அனுப்பினேன். இப்போது வெளிநாட்டில், மகளோடு இருக்கிறார். கீழே ஒன்றும் எழுதவில்லை. கப்பல்துறை தாண்டுவதற்குள் பதில் வந்தது.

“கல்லு எங்க?”

பள்ளத்தில் இறங்கியதும் பிரசாந்துக்குக் காட்டினேன். முதலில் விளங்கவில்லை. பிறகு இரண்டு பக்கமும் மலையைப் பார்த்தான். காது சிவந்தது. நல்ல பெடியன், விளங்கியதும் பேசாமல் கம்பிகளைக் குறுக்கால போட்டான்.

ஊர் மாறிவிட்டது, சனம் பெருகி இன்னொரு குழியும் கேட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு மேல் மாடி. பக்கத்தில் உயரத் தண்ணீர்த் தாங்கி. கமலா ரீச்சரும் இப்போது என்னைப் போலப் பென்சன்காரர், பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வளவில் இருக்கிறார். என்னைக் கண்டதும் கண்ணாடியை ஏற்றிப் பார்த்து, “மெலிஞ்சு போனீங்கள். புக்கை சாப்பிடுறேல்லையோ?” என்றார்.

அவரோடு அந்த வெளிக்கு நடந்தோம். நான் பொங்க வைத்த அதே இடத்தில் ஒரு சின்னத் தகரக் கூரை. கீழே ஒரு சூலம், ஒரு கல், எண்ணெய் பிசுக்கு, வாடிய செவ்வரத்தம்பூ. பொங்கிப் படைத்த இடத்தைச் சும்மா விட்டால் ஊருக்குக் குற்றம் வரும் என்று, அடுத்த வருஷமும் பொங்கியிருக்கிறார்கள். அதற்கடுத்த வருஷம் ஒருவர் சூலம் நட்டாராம். இப்போது வருஷா வருஷம் ஆடியில் பொங்கல். குழாய் வைரவர் என்று பெயராம்.

என் முழுச் சேவையிலும் நான் இந்த மாவட்டத்துக்கு விட்டுப்போன ஒரே நிரந்தரமான சாமான் அதுதான் போலிருந்தது. என் முட்டாள்தனத்தைக்கூட இந்தச் சனம் தெய்வமாக்கி வைத்திருக்கிறதே என்று கொஞ்சம் கண் கலங்கியே கேட்டேன்.

“ஏன் ரீச்சர், தண்ணி வந்தது மலையடியில. வைரவரை அங்க வைச்சிருக்கலாமே? அந்தக் கிணத்துக்குக் காவலா?”

“கிணத்துக்கு என்னத்துக்குக் காவல்? அது ஓடாது,” என்றார் கமலா ரீச்சர். “உங்களை மாதிரி ஆக்கள் திரும்பவும் வந்து இந்தக் குழாயை அளக்காமல் பாக்கத்தான் வைரவரை இதில வச்சது. இந்தப் பெடியனையும் அளக்க விட்டிட்டார். இனி அவருக்கும் வயசு போட்டுது போல.”